ஆட்டிசம்: மூன்று வயதுப் பயிற்சியை முப்பது வயதுக்காகத் திட்டமிடுவது எப்படி?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி தொடங்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "எப்போது பேசுவான், எப்போது பள்ளிக்குப் போவான்" என்பதுதான். அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் இலக்குகளை முடிவு செய்யும்போது, முப்பது வயதில் அவன் எப்படி வாழ்வான் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உளவியலாளர் பாட்ரிசியா ஹவ்லின் குழுவினர், சிறுவயதில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட 68 பேரை இங்கிலாந்தில் பெரியவர்களான பின் சந்தித்து, 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 22 சதவீதத்தினரின் நிலையே நன்று அல்லது மிக நன்று எனக் கணிக்கப்பட்டது. சிறுவயதில் நுண்ணறிவு ஈவு (IQ) 70-க்கு மேல் இருந்தவர்கள் பொதுவாக மேம்பட்டிருந்தாலும், அவர்களுக்குள்ளேயே வாழ்க்கை பெரிதும் வேறுபட்டது. அதாவது, அறிவுத்திறன் மட்டும் போதவில்லை. அவர்களுடைய குழந்தைப் பருவத்தில் இன்றைய ஆரம்பகாலப் பயிற்சிகள் பரவலாக இருக்கவில்லை என்பதால், இதை உங்கள் பிள்ளையின் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சுக்கு முன்பே, கேட்டு வாங்கும் பழக்கத்தைத் தொடங்குங்கள். தாகம் எடுத்தால் குழந்தை உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைக்கு இழுத்துச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மொண்டு கொடுக்காமல், டம்ளரை அதன் கண்ணுக்கு நேரே பிடித்து, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வையோ, 'த' என்ற ஒலியோ, டம்ளர் படம் ஒட்டிய அட்டையோ, எது வந்தாலும் அதை ஏற்று, "தண்ணி" என்று ஒரே சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். பட அட்டையைப் பழக்கினால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. "வலிக்குது", "வேண்டாம்" ஆகிய இரண்டையும் தாமதமின்றிச் சேருங்கள். வளர்ந்த பிறகு மருத்துவரிடம் வலியைச் சொல்லவும், தவறாகத் தொடுபவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் அவனுக்கு உதவப்போகிற சொற்கள் அவை. கண்ணைப் பார்க்கவும் நாற்காலியில் அசையாமல் உட்காரவும் மட்டுமே மணிக்கணக்கில் பழக்கும் பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அன்றாட வேலைகளைக் கடைசிப் படியிலிருந்து கற்பியுங்கள். சட்டையை நீங்களே மாட்டி, கடைசிப் பொத்தானைப் பாதி துளையில் நுழைத்துவிட்டு, இழுத்து முடிப்பதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். அது கைவந்தபின் ஒரு படி பின்னால் செல்லுங்கள். குளியலறைக் கதவைச் சாத்துவதை நான்கு வயதிலேயே பழக்குங்கள், பதினான்கில் புதிதாகப் பழக்குவது இருவருக்கும் கடினம்.

இதற்கெல்லாம் தெரபி மையம் மட்டும் போதாது. இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, பயிற்சியாளர் அவர்களுடன் சேர்ந்து பார்த்து வழிகாட்டினார். பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்தும், இந்தப் பயிற்சி பெறாத குழந்தைகளைவிட அறிகுறிகளின் கடுமை குறைவாகவே இருந்ததாக 2016-இல் வெளியான தொடராய்வு காட்டியது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கைபேசியில் பதிவுசெய்து, உங்கள் பயிற்சியாளரிடம் காட்டி, எந்த இடத்தில் அவசரப்பட்டீர்கள் என்று கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இப்போதே பெறுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. 18 வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான காப்பாளராக நீடிப்பதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் காப்பாளர் தேவையா, சிறிது உதவியிருந்தால் தானே முடிவெடுப்பாரா என்பதை, பழகிய பட அட்டைகளைக் கொண்டாவது, முதலில் அவரிடமே கேளுங்கள்.