கனசாவாவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பான் பயணத்தை டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று திட்டமிடுகிறவர்கள், நடுவில் ஒரு நாள் மிச்சமிருந்தால் கனசாவாவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜப்பான் கடலோரத்தில், இஷிகாவா மாகாணத்தின் தலைநகராக இருக்கும் ஊர் இது. சுமார் நாலரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். இதைப் பற்றிய தப்பான எண்ணங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: இது ஒரு 'சின்னக் கியோட்டோ' என்ற நினைப்பில்.

பழைய மர வீடுகள், தேநீர் விடுதிகள், விருந்தில் ஆடிப்பாடும் கலைப்பெண்களான கெய்ஷாக்கள் எல்லாம் இங்கேயும் உண்டு என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் கியோட்டோ பேரரசரும் அரசவையும் இருந்த ஊர். கனசாவா சாமுராய்களின் ஊர். அதற்கும் முன்னால் நடந்தது இன்னும் சுவையானது. 1488-இல் ஒரு பௌத்தப் பிரிவைப் பின்பற்றிய விவசாயிகளும் துறவிகளும் சிறு பிரபுக்களும் சேர்ந்து இங்கிருந்த ஆளுநரை வீழ்த்தினார்கள். பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இந்தப் பகுதி அவர்கள் கையில்தான் இருந்தது. இன்று கோட்டை நிற்கும் மேட்டில் 1546-இல் அவர்கள் கட்டிய கோயில்தான் நகரத்தின் தொடக்கம். அது 1580-இல் வீழ்ந்தது. 1583-இல் மயேதா தோஷியியே என்ற போர்ப்பிரபு வந்து சேர்ந்தார். 1871 வரை அவருடைய வம்சத்தின் ஆட்சிதான்.

மயேதாக்களின் நிலத்து விளைச்சல் பத்து லட்சம் கொக்குவுக்கு மேல் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் குடும்பத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய சொத்து இது. இவ்வளவு பணத்தைப் படையில் கொட்டினால் ஷோகுனுக்குச் சந்தேகம் வரும். அதனால் நோ நாடகம், தேநீர்க் கலை, பட்டுச் சாயம், அரக்கு வேலை என்று கைத்தொழில்களில் கொட்டினார்கள் என்று சொல்வது வழக்கம். கோட்டைக்குள் ஆயுதங்களைப் பழுதுபார்த்த பட்டறையே பிற்பாடு கலைப்பட்டறையானது. இந்த வரலாறு தெரியாமல் கைவினைக் கடைகளை வெறும் நினைவுப்பொருள் கடைகளாகக் கடந்து போவதுதான் என்னைப் பொறுத்தவரை இங்கே நடக்கும் பெரிய இழப்பு.

தங்க இலை ஒட்டிய ஐஸ்கிரீமைப் பார்த்துவிட்டு இங்கே தங்கச் சுரங்கம் இருக்கிறது என்று எண்ணுகிறவர்களும் உண்டு. தங்கம் வெளியிலிருந்துதான் வருகிறது. இங்கே இருப்பது அதை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அடித்து மெலியவைக்கும் கை. இவ்வளவு மெல்லிய இலை வறண்ட காற்றில் நிலைமின்னால் ஒட்டிக்கொள்ளும், இந்த ஊரின் ஈரக்காற்றில் அந்தத் தொல்லை குறைவு. ஜப்பானின் தங்க இலை ஏறக்குறைய முழுவதும் இங்கேதான் தயாராகிறது.

அந்த ஈரத்தை மறந்துவிட்டு வருவது அடுத்த தவறு. குளிர்காலத்தில் டோக்கியோவில் வானம் பளிச்சென்று வறண்டு இருக்கும். அதே நாளில் சைபீரியக் காற்று வெதுவெதுப்பான ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிவந்து இங்கே மழையாகவும் கனத்த ஈரப்பனியாகவும் கொட்டும். இடியும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுக்கு 40 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது, அதுவும் குளிர்காலத்தில்தான் அதிகம். 'சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. குடை மட்டும் போதாது. தெருவில் பதித்த குழாய்கள் தண்ணீரைப் பீச்சிப் பனியைக் கரைக்கும், அதனால் தண்ணீர் புகாத காலணியும் வேண்டும்.

கென்ரோக்குயென் தோட்டத்தில் நவம்பர் 1 முதல் மரங்களுக்குக் கட்டும் கூம்பு வடிவக் கயிறுகளை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரப்பனியின் கனத்தில் கிளை முறியாமல் தாங்குவதற்கான ஏற்பாடு அது. நாகமாச்சி சாமுராய்த் தெருக்களின் மண்சுவர்களில் குளிர்காலத்தில் தொங்கும் வைக்கோல் பாய்களும் அப்படித்தான், பனி ஊறி மண் உதிராமல் இருக்க. தோட்டத்துக் குளங்களில் ஓடும் தண்ணீருக்கும் கதை உண்டு. 1631-இல் பெரும் தீவிபத்து நடந்தது. அடுத்த ஆண்டே சாய் ஆற்றிலிருந்து பதினோரு கிலோமீட்டர் அளவில் தட்சுமி கால்வாயை வெட்டி, கோட்டை மேட்டுக்குத் தண்ணீரை ஏற்றினார்கள். அங்குள்ள நீரூற்றுக்கு பம்ப் கிடையாது, மேலே உள்ள குளத்தின் உயரமே அதைப் பீச்சுகிறது. கட்டண நேரத்துக்கு முன்பே அதிகாலையில் இலவசமாக உள்ளே விடுவார்கள். கட்டண நேரம் தொடங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். கூட்டமில்லாமல் பார்க்க அதுதான் நல்ல வேளை.

கோட்டையில் உயர்ந்த மையக் கோபுரத்தைத் தேடாதீர்கள். 1602-இல் இடி விழுந்து எரிந்தது, திரும்பக் கட்டவில்லை. 1788-இல் கட்டிய இஷிகாவா வாசல் பழையது. அகழியை ஒட்டிய நீண்ட வெள்ளைக் கட்டடம் 2001-இல் பழைய முறையில் எழுப்பியது. 'நிஞ்சா கோயில்' என்று அழைக்கப்படும் மியோரியுஜிக்கும் நிஞ்சாக்களுக்கும் சம்பந்தமே இல்லை, பொறிவைத்த படிகளும் மறைவழிகளும் நிறைந்திருப்பதால் வந்த பெயர். முன்பதிவு இல்லாமல் போனால் ஏமாற்றந்தான்.

ஹிகாஷி சாயா 1820-இல் உருவான தேநீர் விடுதித் தெரு. இரண்டாம் உலகப் போரில் பக்கத்து நகரமான தோயாமா குண்டுவீச்சில் ஏறத்தாழ முழுவதும் எரிந்தபோதும் கனசாவா தப்பியது. அதனால்தான் இந்தத் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. இங்கே இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். வாசலுக்குள் கேமராவை நீட்டுவதும் கெய்ஷாக்களைத் துரத்திப் படமெடுப்பதும் வேண்டாம். ஓமிச்சோ சந்தையில் வாங்கியதை வாங்கிய கடை அருகிலேயே நின்று சாப்பிடுங்கள், தின்றுகொண்டே நடக்காதீர்கள். பனிநண்டு வேண்டுமானால் நவம்பர் 6-க்குப் பிறகு போங்கள். முட்டை நிறைந்த சின்னப் பெண் நண்டு டிசம்பர் கடைசியோடு முடிந்துவிடும்.

பழைய கையேட்டை நம்பி ஒசாகா, கியோட்டோவிலிருந்து நேர் ரயில் தேடுவதும் அடிக்கடி நடக்கிறது. 2024 மார்ச் முதல் சுருகாவில் இறங்கி ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு மாற வேண்டும். டோக்கியோவிலிருந்து 2015 முதல் நேர் ஷின்கான்சென் உண்டு. விடுதி பதிவு செய்யும்போது யோகோஹாமாவில் கனசாவா என்றே ஒரு வட்டாரம் இருப்பதையும் கவனியுங்கள்.

கடைசியாக, கனசாவாவுக்கு வடக்கே உள்ள நோட்டோ தீபகற்பம். 2024 ஜனவரி 1-இல் அங்கே நடந்த நிலநடுக்கத்தைக் கேள்விப்பட்டுக் கனசாவாவே அழிந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. கோட்டையின் கற்சுவர்கள் சில சரிந்தன, சில வீடுகள் பாதிக்கப்பட்டன, ஆனால் நகரம் நின்றது. பேரழிவு நூறு கிலோமீட்டர் வடக்கே, வாஜிமா போன்ற ஊர்களில். அங்கே காலைச் சந்தைத் தெரு எரிந்துபோனது. அந்தக் கடைக்காரர்கள் அதே ஆண்டு மார்ச்சில் கனசாவாவின் கனைவா துறைமுகப் பக்கம் கடை போட்டார்கள். வாஜிமா அரக்குக் கிண்ணத்தை இங்கே ஒரு கடையில் பார்த்தால் விலை அதிகம் என்று உடனே கீழே வைத்துவிடாதீர்கள். எந்தப் பட்டறையில் செய்தது என்று கேளுங்கள், சொல்வார்கள்.