நஜஃப்கர் நாலா இல்ல, அது சாஹிபி ஆறு: கரையை மீட்க எங்க ஆரம்பிக்கணும்

டெல்லியில துவாரகா, ஜனக்புரி, விகாஸ்புரி பக்கம் இருக்கிற நம்மாளுங்க காக்ரோலா பாலத்துல மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டுறோமே அந்த நாலா (பெரிய சாக்கடைக் கால்வாய்), ஜெய்ப்பூர் பக்கத்து ஆரவல்லியில பொறந்து ஹரியானா வழியா வர்ற சாஹிபி ஆறு. மழைக்கு மட்டும் ஓடுற வறண்ட பூமி ஆறு, டெல்லிக்குள்ள 57 கிலோமீட்டர் நாலாவா ஓடி வசீராபாத்துல யமுனையில சேருது, மத்த நாள்ல அதுல ஓடுறது நம்ம வீட்டுச் சாக்கடை தான். ஆனா 1977ல இதே ஆறு தான் நஜஃப்கர் பக்கத்தை முழுகடிச்சது.

அதனால முதல் வேலை செடி நடுறது இல்ல, தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு பாக்கறது. எங்களுக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் எருமை மேய்க்கிற ஒரு பெரியவர், கரை மரத்துல நெஞ்சு உயரத்துக்குத் தொங்குற பாலிதீன் கிழிசலைக் காட்டி "போன வெள்ளம் இங்க வரைக்கும்"னாரு. ஆகஸ்ட், செப்டம்பர்ல போயி அந்த உயரத்தை மரத்துலயும் கம்பத்துலயும் பெயிண்ட்ல குறிச்சு வைங்க. கோட்டுக்குக் கீழ நாணல், சம்பு, வெட்டிவேர் மட்டும், மேல தான் நீர்மருது, நாவல், நாட்டுக் கருவேலம். ஏன்னா புல்லு வெள்ளத்துல படுத்துக்கும், தண்ணி அது மேல போயிரும், புதர் நிமிர்ந்து நின்னு குப்பையைப் புடிச்சு அணை மாதிரி ஆகி தண்ணியைக் காலனிக்குள்ள திருப்பிடும். முதல் வருஷம் தெரியாம கீழயே மரக்கன்னு வெச்சோம், ஒரே மழையில சேறு மூடிருச்சு, மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

அடுத்தது சீமைக்கருவேலம், இங்க விலாயதி கீகர்ம்பாங்க. முட்டி உயரத்துல வெட்டுனா மழை விழுந்ததும் ஒரே கட்டையில பத்து பன்னெண்டு தளிர் வந்துரும், மண்ணுக்குக் கீழ ஒரு ஜாண், ஒன்றரை ஜாண் தோண்டி வேர்க்கழுத்தோட எடுக்கணும். கரை மொத்தத்தையும் ஒரே நேரத்துல மொட்டை அடிச்சா மண்ணு சரியும், அக்டோபர்ல ஈரம் இருக்கும்போதே கரையை நீளப் பட்டைகளா பிரிச்சு ஒவ்வொண்ணா எடுத்து அன்னைக்கே புல்லு நட்டுருங்க. வளர்ந்த மரம்னா 1994 மரப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேணும், கரை எடம் பாசன வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையோடது, ரெண்டு எடத்துலயும் எழுத்துல வாங்காம மண்வெட்டியைத் தொடாதீங்க.

வெளிநாட்டு ப்ராஜெக்ட்டைப் பாத்து செடி லிஸ்ட்டை மட்டும் காப்பி அடிக்காதீங்க ப்ளீஸ். அமெரிக்காவுல அரிசோனா டூசான்ல சாண்டா குரூஸ்னு பாலைவன ஆறு, அங்க மெஸ்கீட் ஊர் மரம், அதோட சொந்தக்காரன் தான் இங்க நம்மளைப் படுத்துற சீமைக்கருவேலம். யமுனை படுகைக்குச் சொந்தமான ஜாவு (டாமரிஸ்க்) குடும்பத்துச் செடியை அங்க வந்தேறின்னு புடுங்குறாங்க. நாம எடுத்துக்க வேண்டியது அவங்க வேலை செஞ்ச விதம். 1983 வெள்ளத்துல கரை அரிச்சுட்டுப் போனதுக்கப்புறம் மண்ணும் சிமெண்டும் கலந்து கரையைக் கட்டி, அது மேலயே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டாங்க, இன்னைக்கு அந்தப் பாதை 200 கிலோமீட்டருக்கு மேல. 2019 ஜூன்ல சுத்திகரிச்ச தண்ணியை நகர நடுவுல ஆத்துல விட ஆரம்பிச்சாங்க, சுண்டு விரல் நீளம் கூட இல்லாத ஊர் மீனை அடுத்த வருஷமே திரும்பக் கொண்டு வந்து விட்டாங்க. இங்கயும் சாக்கடையைச் சுத்தம் பண்ணாம விட்டா எந்தச் செடியும் அந்த நாத்தத்தைப் போக்காது, அதைத் தான் கவுன்சிலர் கிட்ட விடாம கேக்கணும்.

பாதை கடைசியில, கரை உச்சியில மட்டும். டைல்ஸ் வேண்டாம், கல்தூள் போட்டு அமுக்கினா போதும், தூர் வார வர்ற ஜேசிபி போற அகலம் விட்டுட்டா வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறைக்காரங்களும் உங்க பாதையை உடைக்க மாட்டாங்க. ஒரு கரை மனுஷங்களுக்கு, எதிர்க்கரையை அப்படியே விட்டுருங்க, குளிர்காலத்துல நஜஃப்கர் ஜீல்ங்கிற ஏரிக்கு வர்ற வாத்துங்களுக்கு லைட்டும் சத்தமும் இல்லாத எடம் வேணும்.

நட்ட புல்லு புடிச்சிருச்சான்னு அடுத்த செப்டம்பர்ல தெரியும். நாணல் வெள்ளையா பூத்திருந்தா அந்தப் பட்டையில இனிமே கை வைக்காதீங்க, பூக்காத எடத்துக்கு மட்டும் பக்கத்துத் தூர்லேருந்து பிரிச்சு நடுங்க.