ஸ்டோரேஜ் அரேயை கமாண்டில் நிர்வகிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மருத்துவமனையோ கல்லூரியோ, ஸ்டோரேஜ் அரே (பல டிஸ்க்குகளைச் சேர்த்து சர்வர்களுக்கு இடம் பிரித்துத் தரும் பெட்டி) இருக்கும் இடங்களில் அதற்கென்று தனி ஆள் இருப்பது அரிது. சர்வர், நெட்வொர்க், பிரிண்டர் பார்ப்பவர்தான் அதையும் பார்ப்பார். வேலை மிச்சமாகும் என்று கமாண்ட் லைனுக்கும், புரோகிராம் வழியாக அரேயோடு பேசும் ஏபிஐக்கும் போவது சரிதான். ஆனால் திரையில் ‘நிச்சயமா?’ என்று வரும் கேள்வி ஸ்கிரிப்டில் பெரும்பாலும் வராது.

பெரிய சேதம், சர்வருக்குப் பிரித்துக் கொடுத்த வால்யூமை (அரேயில் ஒரு பகுதி, சர்வருக்கு அது ஒரு டிஸ்க்) திரும்ப எடுக்கும் வரிசையில்தான் நடக்கிறது. முதலில் அரேயில் மேப்பிங்கை, அதாவது வால்யூமுக்கும் சர்வருக்கும் உள்ள இணைப்பை, நீக்கிவிட்டால், லினக்ஸில் அந்த டிஸ்க்கைத் தொட்ட ப்ராசஸ்கள் அப்படியே தொங்கும். கட்டாயமாக நிறுத்தும் கில் 9 அடித்தாலும் சாகாது, பல நேரம் ரீபூட்தான் வழி. முதலில் அன்மவுண்ட். எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்குகளைக் குழுவாக்கிப் பிரிக்கும் அடுக்கு) இருந்தால் வால்யூம் குரூப்பை டீஆக்டிவேட் செய்து, ஒரே வால்யூமுக்கான பல பாதைகளை ஒன்றாகக் காட்டும் மல்ட்டிபாத் மேப்பை ஃப்ளஷ் செய்து, ஒவ்வொரு பாதைக்கும் லினக்ஸ் வைத்திருக்கும் எஸ்டி டிவைஸ்களை கெர்னலிலிருந்து நீக்க வேண்டும். நான்கு பாதை என்றால் நான்கையும். அரேயில் அன்மேப் அதற்கப்புறம்தான். பழைய டிவைஸ் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதே லன் எண்ணை (சர்வருக்கு வால்யூமை அடையாளம் காட்டும் எண்) வேறு வால்யூமுக்குக் கொடுத்தால், பழைய பெயரில் எழுதுவது புது டேட்டாமேல் போய் விழலாம். எஸ்டிபி, எஸ்டிசி பெயர்களை நம்ப வேண்டாம், ரீபூட்டில் மாறும். ஒவ்வொரு வால்யூமுக்கும் உள்ள மாறாத அடையாள எண்ணான டபிள்யூடபிள்யூஐடியை அரே காட்டும் சீரியலோடு ஒப்பிடுங்கள்.

அன்மேப் செய்த உடனே டெலீட் செய்யவும் வேண்டாம். ஒரு வாரம் கிடக்கட்டும். யாராவது கூப்பிட்டால் திரும்ப மேப் செய்துவிடலாம். ப்யூர் ஃபிளாஷ்அரேயில் அழித்த வால்யூமை மீட்க இயல்பாக 24 மணி நேரமும், நெட்ஆப் ஆன்டேப்பில் 12 மணி நேரமும் உண்டு. கமாண்டில் ஃபோர்ஸ் (தடைகளை மீறிச் செய் என்னும் ஆப்ஷன்) கொடுத்தே பழகிய கைக்கு இதெல்லாம் உதவாமல் போகலாம்.

ஏபிஐயில் 202 (கோரிக்கை ஏற்கப்பட்டது என்னும் பதில்) வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. மேட்டூரில் ஷட்டர் திறந்தாயிற்று, கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பதிலில் வரும் ஜாப் எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வெற்றி என்று வந்தபின் அடுத்த படிக்குப் போங்கள். டைம்அவுட் ஆனால் அதே போஸ்ட்டை (உருவாக்கச் சொல்லும் கோரிக்கை) மறுபடி அனுப்பாமல், அந்தப் பெயரில் வால்யூம் ஏற்கெனவே உருவாகிவிட்டதா என்று பாருங்கள். பட்டியல் கேட்டால் பல அரேகள் முதல் பக்கத்தை மட்டும் தரும். அடுத்த பக்க லிங்க்கைப் பின்தொடராத ரிப்போர்ட்டில் பாதி வால்யூம் காணாமல் போகும்.

அளவிலும் கவனம் வேண்டும். ஐபிஎம் ஃபிளாஷ்சிஸ்டத்தில் யூனிட் குறிப்பிடாமல் 500 என்றால் 500 எம்பிதான். ஆயிரத்தின் மடங்கில் எண்ணும் 10 டிபி, 1024-இன் மடங்கில் எண்ணும்போது 9.09 டிஐபிதான் என்பதையும் கொட்டேஷன் பார்க்கும்போதே கணக்கில் வையுங்கள்.

பாஸ்வேர்டை கமாண்டிலேயே எழுதினால் ஹிஸ்டரியிலும், ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலிலும் தெரியும். படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கில் ரிப்போர்ட் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் இன்னொன்று. 2018 கஜா புயலின்போது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. யுபிஎஸ் தீரும்முன் எல்லாவற்றையும் அணைக்கும் ஸ்கிரிப்டை, அதே அரேயில் இருக்கும் விர்ச்சுவல் மெஷினில் வைப்பவர்கள் உண்டு. அந்த மெஷின் அணைந்ததும் ஸ்கிரிப்டும் பாதியில் நின்றுவிடும். அரே ஓடிக்கொண்டே பேட்டரியைத் தீர்க்கும். லோக்கல் டிஸ்க் உள்ள சின்னக் கணினி ஒன்றில் அதை வையுங்கள், அரேயின் பாஸ்வேர்டும் அங்கேயே கிடைக்கட்டும். அணைக்கும்போது ஹோஸ்ட்கள் (அரேயைப் பயன்படுத்தும் சர்வர்கள்) முதலில், அரே பிறகு, சுவிட்ச் கடைசி. ஏற்றும்போது இது தலைகீழ். எல்லாப் பாதைகளும் வந்துவிட்டதா என்று மல்ட்டிபாத்தில் எண்ணிப் பார்த்தபிறகே டேட்டாபேஸை ஸ்டார்ட் செய்யுங்கள்.