குர்ஸ்க் போர்ப் படநூல்: வாசகர் விமர்சனங்களைச் சலித்து எடுப்பது எப்படி

இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலையில் ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே தொடங்கிய குர்ஸ்க் போரைப் பற்றிப் படங்களோடு வந்த நூல்கள் ஏராளம். டாங்கிகளின் போர் என்பதால் புகைப்படம், வண்ண ஓவியம், நிலப்படம் மூன்றும் வேண்டியிருக்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறிவிடுகிறது. இந்த வகை நூல்களைக் கடையில் புரட்டிப் பார்த்து வாங்க நமக்கு வாய்ப்பு குறைவு. பிற வாசகர்கள் இணையத்தில் எழுதியதை நம்பித்தான் பணம் கட்டுகிறோம். அங்கே நட்சத்திரச் சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நூலில் உள்ள ஒரு படக்குறிப்பையாவது சோதித்துப் பார்த்து எழுதிய ஒரே ஒரு கருத்து, "அருமை" என்று முடியும் ஐம்பது கருத்துகளைவிட உதவும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

முதலில் பதிப்பைப் பிரியுங்கள்

விற்பனைத் தளங்களில் கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்நூல் எல்லாவற்றின் கருத்துகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்கும். "படங்கள் துல்லியம்" என்று ஒருவர் எழுதியது ஆர்ட் பேப்பரில் வந்த முதல் பதிப்பைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். உங்கள் கைக்கு வரப்போவதோ ஆர்டர் வந்தபின் அச்சடித்து அனுப்பும் மறுபதிப்பு. அதில் புகைப்படங்களும் சாதாரணத் தாளில்தான் அச்சாகும். நிழலில் உள்ள விவரமெல்லாம் கருமையில் மூழ்கிவிடும். பழைய அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து அடித்திருந்தால் படத்தின் மேல் அலையலையாகக் கோடு ஓடும்.

மின்நூலின் தொல்லை வேறு. இரண்டு பக்கம் விரிந்த நிலப்படம் இரண்டாக வெட்டுப்பட்டு அடுத்தடுத்த திரைகளில் வரும். ஆறு அங்குலக் கறுப்பு-வெள்ளைத் திரையில் சிவப்பு அம்பும் நீல அம்பும் ஒரே சாம்பல்; யார் யாரைத் தாக்குகிறார்கள் என்பதே தெரியாது. ஆகவே ஒவ்வொரு கருத்தின் மேலும் உள்ள தேதியையும் பதிப்பு வகையையும் பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குரிய பதிப்பு வெளிவருவதற்கு முன்பே எழுதிய கருத்து என்றால், தாள், அச்சு பற்றி அது சொல்வதை ஒதுக்கிவிடுங்கள். உள்ளடக்கம் பற்றிச் சொல்வது செல்லும், திருத்திய பதிப்பாக இல்லாத வரை.

நடுவிலிருந்து படியுங்கள்

மூன்று நட்சத்திரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஐந்தும் ஒன்றும் கடைசியில். ஒற்றை நட்சத்திரத்தில் பாதி மூலை மடங்கி வந்த பார்சலுக்கானது. மீதியில் கணிசமான பங்கு கட்சிச் சண்டை. செஞ்சேனையின், அதாவது சோவியத் படையின் வெற்றியைக் குறைத்துவிட்டார் என்று ஒரு தரப்பும், ஜெர்மன் டாங்கிகளின் திறமையை மறைத்துவிட்டார் என்று மறு தரப்பும் ஒரே நூலைத் திட்டுவதைக் காணலாம். இரு பக்கமும் அடி வாங்கினால் நூல் நடுநிலை என்று முடிவுகட்ட வேண்டாம், வெறுமனே மோசமான நூலாகவும் இருக்கலாம். பக்க எண் அல்லது குறிப்பிட்ட ஒரு படம் சொல்லப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிறகு அவர் வேறு எதையெல்லாம் மதிப்பிட்டிருக்கிறார் என்று சொடுக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி டாங்கி கட்டுபவர் என்றால் நிறம், சின்னம், பாகங்கள் பற்றி அவர் சொல்வதை நம்பலாம். போரின் போக்கு பற்றி அவர் மௌனமாக இருந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

படக்குறிப்பைச் சோதிக்கும் வழி

இந்தப் போருக்குச் சோதனை எளிது, ஏனென்றால் எந்த வண்டி எப்போது, எங்கே இருந்தது என்பது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. விமர்சகர் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தால் அவருக்கு விஷயம் தெரியும். தளத்தில் மாதிரிப் பக்கங்கள் இருந்தால் நீங்களே தேடலாம்.

ஜெர்மனியின் பெர்டினாண்ட் டாங்கி அழிப்பு வண்டியின் முன்புறத்தில் இயந்திரத் துப்பாக்கி இருந்தால் அது குர்ஸ்க் அல்ல. ஜூலையில் போனவற்றுக்கு அந்தத் துப்பாக்கி கிடையாது. போருக்குப் பின் மீந்தவற்றைத் திருத்தியமைத்தபோதுதான் பொருத்தினார்கள், எலிபாண்ட் என்ற பெயரோடு 1944-இல் இத்தாலிக்கும் கிழக்கு முனைக்கும் போனவை அவை. பெர்டினாண்டுகள் போரிட்டது வடக்கே, ஜெர்மன் தளபதி மாடலின் 9-ஆம் படையோடு, போனிரி என்ற ஊர்ப் பக்கம். புரோகோரோவ்கா ஊர் இருப்பதோ தெற்கே. "புரோகோரோவ்காவில் பெர்டினாண்ட்" என்று குறிப்பு இருந்தால் எழுதியவர் பழைய கதையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்.

பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கியும் அப்படியே. சுமார் 200 பாந்தர்கள் முதன்முறையாகப் போருக்கு வந்தது இங்கேதான், ஆனால் தெற்கே 48-ஆவது பான்சர் கோரோடு (பல டிவிஷன்கள் சேர்ந்த டாங்கிப் படைப்பிரிவு), ஓபோயான் ஊரின் திசையில். எரிபொருள் கசிவு, எஞ்சின் தீ, கண்ணிவெடி என்று சில நாளிலேயே பெரும்பாலானவை ஓரங்கட்டப்பட்டன. ஜூலை 12 அன்று புரோகோரோவ்காவில் மோதிய எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) கோரிடம் பாந்தர் இல்லை.

டைகர் என்ற ஜெர்மன் கனரக டாங்கியின் மேல் வரிவரியாகப் பூசிய பசை தெரிகிறதா? காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய சிம்மரிட் அது, 1943 கோடையின் கடைசியில்தான் தொழிற்சாலைகளில் வந்தது. ஜூலைப் படத்தில் இருக்க வழியில்லை. அதேபோல் சோவியத் டி-34-85 டாங்கி களம் வந்தது 1944-இல். அட்டைப்படத்திலேயே அந்த நீளக் குழல் டாங்கியைப் போட்டுவிட்டு உள்ளே ஒழுங்காக எழுதிய நூல்களும் உண்டு, அட்டை பதிப்பகத்தின் வேலை; ஆகவே அட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு அடிக்கும் விமர்சனத்துக்கு அரை மதிப்பு கொடுங்கள். படக்குறிப்பில் வந்தால் முழுத் தவறு.

வண்ணம் பற்றிய புகழ்ச்சியில் கவனம் வேண்டும். கறுப்பு-வெள்ளைப் படத்துக்குக் கணினியில் நிறம் ஏற்றியதை "அரிய வண்ணப் படங்கள்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். 1943 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் வண்டிகளின் அடிநிறம் அடர்மஞ்சள். குர்ஸ்க் டாங்கிகளெல்லாம் சாம்பல் நிறத்தில் நிற்கும் நூலில், நிறமேற்றியவர் யாரையும் கேட்கவில்லை என்று பொருள்.

இன்னொன்று, எங்கே எடுத்த படம் என்ற கேள்வி. ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் தன் படங்களுக்குப் போர்க்காலத்தில் எழுதிய குறிப்புகளை அப்படியே வைத்திருக்கிறது, அவை தவறாகவோ பிரச்சாரமாகவோ இருக்கலாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. அதை நகலெடுத்த நூலுக்கும், சோதித்து மாற்றிய நூலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் வாசகர் கிடைத்தால் அவர் எழுதிய மற்றதையும் தேடிப் படியுங்கள்.

எண்ணிக்கைச் சண்டையில் யாரை நம்புவது

விமர்சனங்களில் அதிகம் சூடு பறப்பது இங்கேதான். புரோகோரோவ்காவில் ஒரே வயலில் 1,200, 1,500 டாங்கிகள் மோதின, ஜெர்மனி நூற்றுக்கணக்கில் இழந்தது என்பது சோவியத் காலத்துக் கதை. சோவியத் தளபதி ராட்மிஸ்த்ரோவின் 5-ஆவது காவல் டாங்கிப் படை கொடுத்த விலையை மறைக்க அது உதவியது. ஆவணங்கள் திறந்தபின் எழுதியவர்கள் அன்று நிரந்தரமாக அழிந்த ஜெர்மன் டாங்கிகள் மிகச் சில என்றும், சோவியத் இழப்பு பல நூறு என்றும் காட்டினார்கள். எஸ்எஸ் கோரில் அப்போது இயங்கிய டைகர்கள் ஏறத்தாழ 15. நூறு டைகர் என்று எழுதும் நூலை ஒருவர் "ஆதாரபூர்வம்" என்று புகழ்ந்தால் அவர் கருத்தைத் தாண்டிப் போங்கள்.

ஆனால் எண் மாறுபடுகிறது என்பதாலேயே நூலாசிரியர் பொய்யர் ஆகிவிட மாட்டார். மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் காலம்? ஜெர்மானியருக்குக் குர்ஸ்க் என்றால் ஜூலை 5-இல் தொடங்கி சில நாளில் நின்ற சிட்டாடல் தாக்குதல். சோவியத் கணக்கில் ஓர்யோல், கார்கிவ் நகரங்களை நோக்கிய எதிர்த்தாக்குதல்களும் சேர்ந்து ஆகஸ்ட் 23 வரை. எந்த இடம்? ஒரு கோரா, முழுத் தென்முனையா? எது இழப்பு? களம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் அடிபட்ட டாங்கியை இழுத்துப்போய்ப் பழுதுபார்ப்பார்கள். ஜூலை 12-இல் பழுது என்று எழுதிய வண்டி, பின்வாங்கும்போது கைவிடப்பட்டு ஆகஸ்டில் அழிவுக் கணக்கில் ஏறும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் இரண்டு எண்களை மோதவிடும் விமர்சனம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சத்தம்தான்.

நிலப்படம்

"நல்ல மேப்கள்" என்ற சொற்கள் எதையும் சொல்லவில்லை. அளவுகோல், தேதி, உயரக் கோடு இருக்கிறதா, உரையில் வரும் ஊர்கள் படத்தில் இருக்கின்றனவா என்று எழுதியவரைத் தேடுங்கள். புரோகோரோவ்காவுக்குப் ப்சியோல் ஆறு, ரயில் மேடு, 252.2 மீட்டர் உயரக் குன்று, அதன் அருகிலிருந்த டாங்கி எதிர்ப்பு அகழி நான்கும் இல்லாத படத்தால் அன்றைய சண்டை புரியாது. சோவியத் டாங்கிகள் தம் படையே தோண்டிய அந்த அகழியில்தான் சிக்கின.

நீங்கள் எழுதும்போது

வாங்கிய பிறகு நீங்களும் எழுதுங்கள், எட்டு வரி போதும். பதிப்பு, அச்சான ஆண்டு, பக்கம், தாள் வகை முதல் வரியில். நிலப்படங்கள் எத்தனை, எந்த நாள் வரை என்று அடுத்து. பிறகு நீங்கள் சோதித்த ஒரு படக்குறிப்பு, பக்க எண்ணோடு, சரியோ தவறோ. ஜூலை 12-இல் வடக்கே தொடங்கிய சோவியத் எதிர்த்தாக்குதலுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தால் நல்லது. பல படநூல்கள் புரோகோரோவ்காவோடு கடையை மூடிவிடுகின்றன. புதியவருக்கா, ஏற்கெனவே இரண்டு நூல் படித்தவருக்கா என்று ஒரு வரி. பார்சல் குறையை விற்பனையாளர் பக்கத்தில் தனியாகப் போடுங்கள், நூலின் நட்சத்திரத்தில் கை வைக்க வேண்டாம். படக்குறிப்புத் தவறு கண்டால் பதிப்பகத்துக்கும் பக்க எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறு அச்சில் திருத்த அவர்களுக்கு அதுதான் வழி.