பல டிஸ்க் கேம் வாங்கும்போது விடும் பிழைகள்

கொழும்பு பம்பலப்பிட்டியில் பாவித்த கேம் தேடிப் போகிறவர்கள் பலர் முதல் டிஸ்க்கைப் போட்டு, படம் ஓடியதும் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே டிஸ்க்கில் முடியும் கேம் என்றால் அது சரி. ஆனால் 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்று டிஸ்க். 8ம் 9ம் நான்கு நான்கு. மூன்றாவது டிஸ்க் பழுது என்பது தெரியவரும்போது இருபது, முப்பது மணித்தியாலம் விளையாடியிருப்பீர்கள். அதற்குப் பிறகு கடைக்காரரிடம் போய் என்னத்தைக் கதைப்பது?

எல்லா டிஸ்க்கையும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். கீழ்ப்பக்கக் கீறலைத்தான் எல்லோரும் தேடுவார்கள். சீடியில் உண்மையான ஆபத்து படம் அச்சடித்த மேல்பக்கம். தகவல் பதிந்த உலோகப் படலம் அந்த அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் விழுந்த கீறலை மெருகேற்றிச் சமாளிக்கலாம். மேலே உரிந்தால் போனது போனதுதான். பல்புக்கு நேரே பிடிக்கும்போது உரிந்த இடத்தால் வெளிச்சம் வந்தால் வாங்கவே வேண்டாம். சீடிக்குப் பிறகு வந்த புளூரே டிஸ்க்கில் தகவல் வாசிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது, ஆகவே சீடி தேய்க்கும் மெஷினுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

தொலைந்த டிஸ்க்கை மட்டும் தனியாக வாங்குவதும் நல்ல யோசனைதான், ஆனால் டிஸ்க்கில் அச்சடித்த குறியீட்டைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 1இல் ஐரோப்பியப் பதிப்பு எஸ்எல்இஎஸ் அல்லது எஸ்சிஇஎஸ் என்று தொடங்கும். அமெரிக்கப் பதிப்பு எஸ்எல்யூஎஸ், எஸ்சியூஎஸ். இரண்டையும் கலந்தால் ஒன்றில் சேவ் பண்ணியது மற்றதில் திறக்காது.

எக்ஸ்பாக்ஸ் 360இன் ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) கேமில் முதல் டிஸ்க் இன்ஸ்டால் பண்ண, இரண்டாவது விளையாட. இரண்டாவதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினால் வேகம் கூடும் என்று நினைக்க வேண்டாம். வீதியும் சுவரும் மங்கலாக வந்து பிறகுதான் தெளியும். கேமைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனமே ஏற்ற வேண்டாம் என்று சொன்னது.

பிளேஸ்டேஷன் 4இன் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் டேட்டா டிஸ்க், பிளே டிஸ்க் என்று இரண்டு. இன்ஸ்டால் முடிந்ததும் டேட்டா டிஸ்க்கை எங்கேயாவது போட்டுவிடுகிறார்கள். இடம் போதாமல் கேமை ஒருநாள் அழித்தால், திரும்ப ஏற்ற அது வேண்டும். விற்கப் போனாலும் அது இல்லாத பெட்டியை யார் வாங்குவார்?