மலையக முகாமுக்கு முதன்முறை தொண்டராகப் போகிறீர்களா?

மாற்றுத்திறனாளிகளுக்கான வதிவிட முகாம் ஒன்றுக்கு வரச் சொல்லி யாரோ உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். மூன்று பகல், இரண்டு இரவு, ஒரு பாடசாலை மண்டபம், நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் நான் போன முகாம்கள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன.

படி 1: அளவு நாடாவோடு போய் இடத்தைப் பாருங்கள்

பதாகை, மாலை, விருந்தினர் பட்டியல் எல்லாம் பிறகு. ஒரு வாரம் முன்னதாகப் போய் முதலில் கதவை அளந்துகொள்ளுங்கள். 80 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பல சக்கர நாற்காலிகள் உள்ளே நுழையாது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி விதிகள் இலங்கையில் 2006 இலேயே வந்துவிட்டன. ஆனால் நம் பக்கத்து மண்டபங்களில் பல அதற்கு முன்பே எழும்பியவை. அந்தக் கதவுகளுக்குச் சட்டம் தெரியாது.

அடுத்தது வாசற்படி. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. அரை அடி உயரமான ஒரு படிக்கு ஆறடிப் பலகை வேண்டும். மலையகத்தில் ஒரு படியோடு நிற்கும் மண்டபம் எங்கே இருக்கிறது? பன்னிரண்டு படி என்றால் எழுபத்திரண்டு அடிப் பலகை. அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, அரிசி இறக்க லொறி எந்த வழியாக வருகிறது என்று காவலாளியிடம் விசாரியுங்கள். அரிசி மூட்டை போகும் வழியில் சக்கர நாற்காலியும் போகும்.

கழிவறை பெரும்பாலும் குந்தி இருக்கும் வகைதான். கனமான பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கி, அதன் மேல் வைத்தால் காரியம் ஆகும். கால்கள் ஈரத் தரையில் வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டுங்கள். முதலில் நீங்கள் உட்கார்ந்து, கொஞ்சம் ஆடியும் பாருங்கள்.

திகதி குறிக்கும்போது மழையை மறக்க வேண்டாம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில் பெரிய மழை. சிவனொளிபாதமலைப் பருவத்தின் வார இறுதிகளில் ஹட்டன் வீதியிலும், ஏப்ரலில் நுவரெலியாவிலும் வேன் நகராது.

படி 2: லயத்திலிருந்து வீதி வரை

அழைப்பிதழில் 'காலை 8 மணிக்கு வேன் வரும்' என்று எழுதிவிடுவது சுலபம். வேன் நிற்பது பெரிய வீதியில். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் இருப்பதோ பல இடங்களில் அதற்குக் கீழே அரைமைல் பள்ளத்தில். பழைய லயத்து அறை 10க்கு 12 அடி. சக்கர நாற்காலி ஒன்று முழுதாகத் திரும்பவே ஐந்தடி வட்டம் வேண்டும். அதனால் நன்கொடையாகக் கிடைத்த நாற்காலி கூரைத் தாழ்வாரத்தில் மடித்துக் கிடக்க, அதற்குரியவர் வீட்டுக்குள் தரையில் தவழ்ந்து நடமாடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வேனோடு இரண்டு பேர் லயம் வரை இறங்கிப் போகவேண்டும். அங்கே போனதும் தூக்க முந்தாதீர்கள். "எப்படித் தூக்குவீர்கள், அம்மா?" என்று வீட்டிலுள்ளவரைக் கேளுங்கள். இருபது வருடமாகத் தூக்குகிற தாய்க்கு எந்தப் பக்கம் வலிக்கும் என்று தெரியும். பேசக்கூடியவரானால் அவரிடமே கேளுங்கள். மாத்திரை, கடைசியாக வலிப்பு வந்த நாள், எதைச் சாப்பிட்டால் புரையேறும் என்பதை எல்லாம் அங்கேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எப்படி அழைப்பது என்று புதியவர்கள் தயங்குவதுண்டு. மாற்றுத்திறனாளி, விசேட தேவையுடையவர் போன்ற சொற்கள் விண்ணப்பப் படிவத்துக்குச் சரி. முகாமில் அக்கா, அண்ணன், ஐயா, தங்கச்சி போதும். ஐம்பது வயதுக்காரரைக் 'கண்ணா' என்று கொஞ்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

படி 3: கையை வைக்கும் முன் கேளுங்கள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

என் முதல் முகாமில் பார்வையற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். தேயிலை ஸ்டோரில் வெகுகாலம் வேலை பார்த்தவர். வந்த அன்று மாலை, சுவரைத் தடவிக்கொண்டு மண்டபத்திலிருந்து கழிவறைக்குத் தனியாக நடந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பும்போது நான் பதறிப்போய்க் கையைப் பிடித்து, சமையற்கட்டுக் குறுக்கு வழியாகக் கூட்டிவந்து படுக்கையில் விட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் காலை அவர் சொன்னார்: "தம்பி, பதினேழு எட்டு வைத்து, இடப்பக்கம் திரும்பினால் ஒன்பது படி. அதைத்தான் மனதில் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இழுத்ததில் கணக்குத் தப்பிவிட்டது. ராத்திரி யாரையும் எழுப்ப மனம் வரவில்லை. விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். "ஐயா, கூட வரவா?" என்று கேட்பேன். வேண்டாம் என்றால் விலகிவிடுவேன். சரி என்றால் என் கையைக் கொடுப்பேன். என் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார், நான் அரை எட்டு முன்னே நடப்பேன். படி வந்தால் நின்று, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடித்தால் அவர் எனக்கு நேர்பின்னால் வந்துவிடுவார். அவர் இருக்கும் அறையில் வாங்கையோ செருப்பையோ இடம் மாற்றினால் உடனே சொல்லிவிடுங்கள்.

காது கேளாதவரிடம் பேசும்போது உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் அவருக்கு உங்கள் உதடு தெரியாது. மின்சாரம் போனால் டோர்ச்சை அவர் கண்ணில் அடிக்காமல் உங்கள் முகத்தில் அடியுங்கள்.

படி 4: சரிவில் சக்கர நாற்காலி

ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளலாம். இறக்கத்தில் அப்படியே முன்னோக்கி விட்டால், ஈரக் கல்லில் உங்கள் செருப்பு வழுக்கியதும் நாற்காலி கையை விட்டுப் போய்விடும். செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, உட்கார்ந்திருப்பவர் மேட்டைப் பார்க்கும்படி வைத்து, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி அடியடியாக இறங்குங்கள். பின்னால் என்ன வருகிறது என்று சொல்ல ஒருவர் கூட நடக்க வேண்டும். நின்றால் உடனே பிரேக்.

படிக்கட்டு ஏறும்போது நாற்காலியின் முதுகு படிப்பக்கம் இருக்க வேண்டும். மேலே ஒருவர் கைப்பிடியைப் பிடித்து, பின்பக்கம் சாய்த்து, பெரிய சக்கரங்களைப் படிப்படியாக ஏற்றுவார். கீழே நிற்பவர் சட்டத்தைப் பிடித்துத் தாங்குவார். கால் வைக்கும் தட்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், பலவற்றில் அது கழன்று கையோடு வந்துவிடும். மேலே நிற்பவர் மட்டும் "ஒன்று, இரண்டு" சொல்ல வேண்டும். இரண்டு பேர் கட்டளையிட்டால் நாற்காலி நடுவில் நின்று ஆடும்.

படி 5: சமையற்கட்டில் எல்லாருக்கும் வேலை

முகாமுக்கு வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து, தொண்டர்கள் பறந்து பறந்து பரிமாறும் முகாம் எனக்குப் பிடிப்பதில்லை. கால் வராதவருக்குக் கை இருக்கிறது. வெங்காயம் உரிக்க, தேங்காய் திருவ, பருப்பில் கல் பொறுக்க ஆள் வேண்டும். பெயர்களை எழுதி முதல் நாளே ஒட்டிவிடுங்கள். ஒரு முகாமில் ரொட்டிக்கு மா பிசைந்தவர் பார்வையற்ற அக்கா ஒருவர். தண்ணீர் அதிகம் ஊற்றிய ஒரு தொண்டருக்கு அவரிடம் நல்ல ஏச்சு விழுந்தது. அன்றைக்குத்தான் அந்த முகாம் கலகலப்பாயிற்று.

ஊட்டிவிட வேண்டியவரானால் அவரை நிமிர்த்தி உட்காரவையுங்கள்; படுத்தபடி ஒருபோதும் கொடுக்க வேண்டாம். நீங்களும் அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து, விழுங்கிய பிறகு அடுத்த வாயைக் கொடுங்கள். பேச்சு இழுத்து வருபவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம், அவர் இன்னொரு தடவை சொல்வார்.

படி 6: இரவு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் அங்கே புல்லில் உறைபனி படிவதும் உண்டு. குளிருக்கு நெருப்பு மூட்டுவோம், சுடுநீர்ப் போத்தல் கொடுப்போம். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்குக் காலில் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் மற்றவர் காண்பார்கள். அவருக்குப் போத்தல் வேண்டாம், காலுறையும் இரண்டு போர்வையும் போதும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடப் பட்டியல் போட்டு விழித்திருங்கள். படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும்.

வலிப்பு வந்தால் இரும்பைத் தேடி ஓடாதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். தலைக்குக் கீழே சட்டையை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நெருப்பைச் சுற்றிக் கலைநிகழ்ச்சி இருக்கும். யாராவது தப்பு மேளம் கொண்டுவருவார்கள். தோலை அனலில் காய்ச்சி அடிக்கத் தொடங்கியதும், காது கேளாத தம்பி ஒருவன் எழுந்து போய்த் தப்பின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். அடி மாறினால் அவன் காலும் மாறிற்று. அவனைத் தள்ளி உட்காரச் சொல்ல எழுந்த தொண்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

படம் எடுக்குமுன் கேளுங்கள். முகநூலில் போடுவதானால் இன்னொரு தடவை கேளுங்கள்.

படி 7: கலையும் நாள்

வேன் வீதியோரம் இறக்கிவிட்டுப் போனால் வேலை முடியவில்லை. லயத்து வாசல் வரை போக வேண்டும். மாத்திரைப் பொட்டலம், ஊன்றுகோல், நாற்காலியின் கால் தட்டு மூன்றும்தான் எப்போதும் மண்டபத்தில் தங்கிவிடும், அவற்றைச் சரிபார்த்து அனுப்புங்கள்.

பிறகு நாற்பது பேரின் போர்வைகள். படம் எடுத்துக்கொண்ட கையோடு தொண்டர்கள் பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள். மூடுபனி நாளில் ஒரு போர்வை காய இரண்டு நாளாகும். ஈரத்தோடு மடித்தால் அடுத்த முகாமில் பூஞ்சணம் நாறும். போர்வைகளைத் துவைத்துக் காயவைக்க இரண்டு பேரின் பெயரை முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். யாரும் முன்வராவிட்டால் உங்கள் பெயரையே எழுதுங்கள்.