பொய்யாமை அணுவிரதம்: இல்லறத்தார் எடுத்துக் காக்கும் முறை

"இனிமேல் பொய்யே பேச மாட்டேன்" என்று ஒரே வரியில் எடுக்கும் சபதம் அநேகமாக முதல் வாரத்திலேயே உடைந்துவிடும். எந்தப் பொய், எவ்வளவு காலத்துக்கு, தவறினால் என்ன செய்வது என்று எதுவுமே அதில் இல்லை. சத்தியத்தைப் போற்றாத இந்திய சமயம் கிடையாது. படிப்பு முடித்துப் போகும் மாணவனுக்குத் தைத்திரீய உபநிடதத்தின் ஆசிரியர் சொல்லும் முதல் அறிவுரையே "சத்தியம் வத" என்பதுதான். பதஞ்சலி யோகத்துக்குச் சொன்ன ஐந்து யமங்களில், அதாவது அடக்கங்களில், அது இரண்டாவது. பௌத்தரின் ஐந்து சீலங்களில் நான்காவது. ஆனால் கடை நடத்தி, கடன் வாங்கி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழும் குடும்பஸ்தர் அதை எங்கே தொடங்கி எப்படிக் காப்பது என்று மிக நுணுக்கமாக வகுத்து வைத்தவர்கள் சமணர்கள். இல்லறத்தாரான சிராவகருக்கு அவர்கள் சொன்ன பன்னிரண்டு விரதங்களில் இரண்டாவது சத்திய அணுவிரதம், அதாவது பொய்யை விடும் சிறு விரதம். தமிழ்ச் சமணர் படிக்கும் அருங்கலச்செப்பும் இந்த இல்லற ஒழுக்கத்தைக் குறட்பாக்களில் சொல்கிறது. இந்த விரதத்தை முனிவர் ஒருவர் முன்னிலையில் எடுப்பது மரபு. மற்றவர்களும் இதே முறையைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம்.

முதல் வேலை, எல்லை கட்டுவது

துறவி எடுப்பது மகாவிரதம். அதில் சிறு பொய்க்கும் இடமில்லை. இல்லறத்தார் விடுவது "ஸ்தூல" பொய், அதாவது அடுத்தவருக்கு நஷ்டமோ கேடோ விளைவிக்கும் பெரும்பொய். சமண ஆசாரியர் சமந்தபத்திரர், இல்லறத்தார் ஒழுக்கம் சொல்லும் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் மூன்றே கூறுகளில் இதை முடிக்கிறார்: பெரும்பொய் பேசாதிருத்தல், பிறரைப் பேச வைக்காதிருத்தல், ஆபத்தை உண்டாக்கும் உண்மையைச் சொல்லாதிருத்தல்.

பெரும்பொய் எது என்பதற்கு, சமணத்தின் இரு பிரிவுகளான சுவேதாம்பரம், திகம்பரம் என்பவற்றில் சுவேதாம்பர மரபில் ஐந்து இனங்கள் உண்டு: மணப்பெண் பற்றிய பொய், மாடு பற்றிய பொய், நிலம் பற்றிய பொய், ஒப்படைத்த பொருளை இல்லையென்பது, பொய்சாட்சி. மணப்பெண் என்றால் இரண்டு கால் உயிர் எல்லாம், மாடு என்றால் நான்கு கால் எல்லாம், நிலம் என்றால் கால் இல்லாத சொத்தெல்லாம் என்று உரைகாரர்கள் விரிக்கிறார்கள். அப்படியே இன்றைக்குப் பொருத்திப் பாருங்கள். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும், முன்பே இருந்த நோயை மறைப்பதும் முதல் இனம். மூன்றாம் ஈத்து மாட்டைத் தலை ஈத்து என்று விற்பதும், சந்தைக்கு முதல் நாள் கறக்காமல் விட்டு மடி பெருத்துக் காட்டுவதும் இரண்டாவது. வில்லங்கம் இருக்கும் மனையைச் சுத்தமான பத்திரம் என்பதும், மீட்டரைக் குறைத்து வண்டி விற்பதும் மூன்றாவது.

ஒரு தாளில் இந்த ஐந்தையும் உங்கள் தொழிலுக்குப் பொருந்தும்படி ஐந்து வரியாக எழுதுங்கள். மளிகைக் கடைக்காரர் எழுதும் வரியும் வாடகைக்கு வீடு விடுபவர் எழுதும் வரியும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது. "நேர்மையாக நடப்பேன்" போன்ற பொதுச்சொல்லைச் சேர்க்காதீர்கள். அதை மீறினோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கால அளவையும் எழுத வேண்டும். வரையறுத்த காலத்துக்கு எடுப்பது நியமம், ஆயுள் முழுவதற்கும் எடுப்பது யமம். முதன்முறை எடுப்பவர் 15 நாள் நியமமாக எடுப்பதுதான் சரி. ஏன் 15 என்பதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறது.

இரண்டு வழி, மூன்று கருவி

இல்லறத்தார் விரதம் "இரண்டு விதம், மூன்று வகை" என்ற வாய்பாட்டில் எடுக்கப்படுகிறது. நானே செய்யமாட்டேன், பிறரைச் செய்யவைக்கமாட்டேன் என்பது இரண்டு. மனம், வாக்கு, உடல் என்பது மூன்று. ஆக ஆறு கதவுகள். பிறர் செய்வதை ஆமோதிப்பதையும் விட்டால் ஒன்பது, அது துறவிக்கு.

பலரும் கோட்டை விடுவது "செய்யவைக்கமாட்டேன்" என்பதில்தான். அமிர்தசந்திரர் என்ற சமண ஆசாரியர் பொய்யை நான்காகப் பிரிக்கிறார்: இருப்பதை இல்லையென்பது, இல்லாததை இருக்கிறதென்பது, ஒன்றை இன்னொன்றாகச் சொல்வது, இழிவும் கேடும் புண்படுத்தலுமான பேச்சு. முதல் வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு, "தேவதத்தன் இங்கே இல்லை" என்பது. கடன்காரர் கதவைத் தட்டும்போது "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்பும் வீடுகளில் நடப்பது அட்சரம் பிசகாமல் இதுவே. அப்பா வாய் திறக்கவில்லை. ஆனாலும் விரதம் போயிற்று, கூடவே பிள்ளைக்கும் பழகிவிட்டது. கணக்குப்பிள்ளையிடம் "ரெண்டாவது பில் போடு" என்பதும், உதவியாளரிடம் "மீட்டிங்ல இருக்கார்னு சொல்லிடு" என்பதும் இதே கணக்கு. பதிலுக்கு என்ன சொல்வது என்பதை முன்பே வீட்டில் பேசி வையுங்கள்: "அப்பா இப்போ பேச முடியாதாம், சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே கூப்பிடுவார்." ஆறு மணிக்குக் கூப்பிட்டும் ஆக வேண்டும்.

உடலால் பொய் என்பது தலையாட்டல், கைகாட்டல், பழுதை மறைத்து வைத்துக் காட்டுவது. தராசுத் தட்டை விரலால் தொடுவதும் இதில் சேரும்.

ஐந்து அதிசாரங்கள்

விரதம் முழுதாக உடையாமல் ஓட்டை விழும் இடங்களுக்கு அதிசாரம் என்று பெயர். சமணரின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம் சத்திய விரதத்துக்கு ஐந்து சொல்கிறது: தவறான வழிகாட்டல், தனிமையில் நடந்ததை வெளியிடல், பிறர் சொல்லாததைச் சொன்னதாக எழுதல், வைப்புப் பொருளைக் கவர்தல், முகக்குறி கொண்டு ஊகித்த இரகசியத்தைப் பரப்பல். இவற்றில் இரண்டும் ஐந்தும் உண்மைத் தகவலாகவே இருக்கலாம். கணவன் மனைவி சண்டையை வெளியே சொல்வது, நம்பி அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புவது எல்லாம் நடந்ததுதான். ஆனாலும் சத்திய விரதத்துக்கே குற்றம்.

நான்காவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தச் சூத்திரத்துக்குப் பூஜ்யபாதர் எழுதிய சர்வார்த்தசித்தி என்ற உரையில் தரும் விளக்கம் இது: ஒருவர் பொன்னை ஒப்படைத்துப் போகிறார்; திரும்பி வரும்போது எண்ணிக்கை மறந்து குறைத்துக் கேட்கிறார்; வாங்கி வைத்தவர் "அப்படியே" என்கிறார். அவ்வளவுதான். பன்னிரண்டு பவுன் கொடுத்துவைத்த பாட்டி "பத்துதானேப்பா குடுத்தேன்?" என்று கேட்கும்போது "ஆமா பாட்டி" என்பதுதான் அந்தச் சொல். பொருள் போவது திருட்டைப் போலத் தெரிந்தாலும் அதைச் செய்து முடித்தது வாய். எனவேதான் இது திருடாமை விரதத்தில் வராமல் இங்கே வருகிறது. வாடகை முன்பணம், சீட்டுப் பணம், கடையில் கூடுதலாக வந்துவிட்ட சில்லறை எல்லாவற்றிலும் இதே "ஆமா" காத்திருக்கிறது. தடுக்க ஒரே வழி: வாங்கும் நாளிலேயே தேதி, உருப்படி, எடை அல்லது தொகை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது. மற்றவர் மறந்தாலும் தாள் சொல்லும்; உங்களுக்கும் சபலம் வர வழியில்லை.

நாக்குக்கு முன்னால் காவல்

பொய்யை நாக்கில் நிறுத்துவது மிகக் கடினம். அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் கோபம், பேராசை, பயம், வேடிக்கைப் பேச்சு ஆகிய நான்கையும் விலக்கி, ஐந்தாவதாக எண்ணிப் பேசச் சொல்கிறது. இவற்றைச் சத்தியத்தின் பாவனைகள், அதாவது விரதத்தை உறுதிப்படுத்தும் பயிற்சிகள் என்பார்கள்.

கோபத்தில் வருவது மிகைப்படுத்தல்: "நீ எப்பவுமே இப்படித்தான்", "ஒருநாள்கூட நீ செஞ்சதில்ல". கோபம் இருக்கும்வரை "எப்பவும்", "ஒருநாள்கூட" என்ற சொற்களுக்குத் தடை போட்டாலே பாதி குறையும். பேராசை விற்பனையில் வரும். விலை பேசத் தொடங்கும் முன்பே பொருளின் குறையைச் சொல்லிவிடுங்கள்; பேரம் சூடேறிய பிறகு வாய் வராது. வேடிக்கைப் பொய்யை அற்பமென்று விடுபவர்கள் பௌத்தரின் இராகுலோவாதம் என்ற சூத்திரத்தைக் கவனிக்கலாம். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லமாட்டேன் என்று பயிலும்படி புத்தர் தம் மகன் இராகுலனுக்குச் சொல்கிறார். செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் என மூன்று முறை சோதிக்கும் வழியும் அங்கேதான் இருக்கிறது. பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டியவை என்று அசோகர் பைராட் கல்வெட்டில் குறித்தவற்றில் பொய் குறித்த அந்த இராகுல உபதேசமும் ஒன்று.

பயம்தான் எல்லாவற்றிலும் பெரிய வாசல். நாள்தோறும் சொல்லும் சிறுபொய்களில் பெரும்பாலானவை சங்கடத்துக்குப் பயந்தவை: "இதோ பக்கத்துல வந்துட்டேன்", "சாப்பிட்டேன்", "நெட்வொர்க் இல்ல". அணுவிரதக் கணக்கில் இவை விரதத்தை உடைப்பதில்லை. ஆனால் நாக்குக்கு வழி பழகிவிடும். மாற்றுச் சொல்லைக் கையிருப்பில் வைத்திருங்கள்: "இன்னும் அரை மணி நேரம் ஆகும்", "இப்போ வேணாம்", "அப்போ பேச முடியல". "நாளைக்குத் தர்றேன்" என்பதற்குப் பதில், தரமுடிந்த தேதியைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

விதிவிலக்கை எப்போது எடுக்கலாம்

"பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த / நன்மை பயக்கும் எனின்" என்ற குறளைப் போலத் தவறாகப் பயன்படுவது வேறில்லை. "புரைதீர்ந்த" என்பதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்; குற்றமற்ற நன்மை என்றால் சொல்பவரின் ஆதாயம் அதில் ஒட்டியிருக்கக் கூடாது. மகாபாரதத்தின் கர்ணபர்வத்தில் கௌசிகர் என்ற தவசி, திருடர் துரத்தி வந்த மக்கள் ஒளிந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு, சத்தியம் காத்தோம் என்றிருந்து நரகம் போகிறார். அந்த இடத்தில் கண்ணன் சொல்லும் வரிசை முக்கியம்: பேசாமல் இருந்து தப்பிக்க முடியுமானால் பேசவே கூடாது, பேசியே தீரவேண்டும், பேசாவிட்டால் சந்தேகம் வரும் என்றால்தான் பொய் மேல்.

எனவே மூன்று கேள்வி கேளுங்கள். உண்மை தெரிந்தால் இன்னொருவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தா? மௌனமோ, பேச்சை மாற்றுவதோ போதாதா? இந்தப் பொய்யால் எனக்கு ஒரு காசாவது, கொஞ்சம் நல்ல பெயராவது கிடைக்கிறதா? மூன்றாவதற்கு "ஆம்" என்றால் விதிவிலக்கு கிடையாது. மறுபக்கம், "உண்மையைத்தானே சொன்னேன்" என்று ஒருவரின் நிறத்தையும் பிள்ளையில்லாமையையும் சபையில் சொல்பவரும் விரதம் காக்கவில்லை. அது அமிர்தசந்திரரின் நான்காம் வகை.

தவறினால்

தவறினோமா என்றே சந்தேகம் வரும். பௌத்த உரைகள் பொய்க்கு நான்கு உறுப்புகள் சொல்கின்றன: செய்தி பொய்யாக இருத்தல், ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, கேட்டவர் புரிந்துகொள்ளல். பஸ் நேரத்தை உண்மையென்று நம்பித் தவறாகச் சொன்னால் எண்ணம் இல்லை, பொய்யும் இல்லை. திருத்திச் சொன்னால் போதும். சமணர் இங்கே கூடுதல் கண்டிப்பு. அஜாக்கிரதையும் குற்றத்தின் வேர் என்பது அவர்கள் நிலை. சரிபார்க்காமல் முன்னனுப்பிய செய்திக்கு அவர்கள் கணக்கில் மன்னிப்பில்லை. இந்தக் காலத்துக்கு அந்தக் கண்டிப்பே பொருத்தம்.

அடுத்து, எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். விபத்தில் அடிபட்ட வண்டியை விற்கப் போகிறவரின் மனதில் "சொல்லாமல் விட்டால் என்ன" என்று தோன்றுவது அதிக்கிரமம். நசுங்கிய இடத்துக்குப் பெயின்ட் அடித்துக் கதை தயார் செய்வது வியதிக்கிரமம். வாங்குபவர் கேட்கும்போது "சின்னக் கீறல்தான்" என்று மழுப்புவது அதிசாரம். கூசாமல் "அடியே படல" என்பது அனாசாரம், விரதம் போயிற்று. முதல் இரண்டு படிகளில் பிடித்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எண்ணத்தை விட்டால் போதும்.

மூன்றாவது, நான்காவது படிக்குப் பிரதிக்கிரமணம். இரவு படுக்குமுன் அன்றைய பேச்சை வரிசையாக நினைத்துப் பார்த்து, தவறியதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு, "மிச்சாமி துக்கடம்", அதாவது என் தீச்செயல் பயனற்றுப் போகட்டும் என்று சொல்வது. தொடங்குபவருக்குப் பத்து நிமிடம் போதும்; சாமாயிகம் என்ற சமணரின் தியான அமர்வு இருப்பவர் ஒரு முகூர்த்தம், 48 நிமிடம், அமர்ந்து செய்வார். ஆனால் வாய்பாடு சொல்வதோடு நிற்கக் கூடாது. பொய் யாரிடம் சொன்னோமோ அவரிடமே, எந்த வழியில் சொன்னோமோ அந்த வழியிலேயே திருத்த வேண்டும். குழுவில் போட்டதைக் குழுவில், சபையில் சொன்னதைச் சபையில். பணம் வந்திருந்தால் திருப்ப வேண்டும். திருத்தம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்டால் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவோம், காரணத்தில் புதுப்பொய் நுழையும்.

நாள்காட்டி

பிரதிக்கிரமணம் நாள்தோறும், பதினைந்து நாளுக்கொருமுறை, நான்கு மாதத்துக்கொருமுறை, ஆண்டுக்கொருமுறை என்று வைக்கப்பட்டதற்குக் காரணம் கோபம், ஆசை முதலான கஷாயங்களின் அளவு. மிக மெல்லியது பதினைந்து நாள் தங்கும், அடுத்தது நான்கு மாதம், அதற்கடுத்தது ஓராண்டு. அதையும் தாண்டினால் ஆயுளுக்கும் ஒட்டும் என்பது கர்மநூல்களின் கணக்கு. ஆகையால் ஒரு பொய்யைத் திருத்தாமல் பதினைந்து நாளைத் தாண்டவிடக் கூடாது. முதல் நியமம் முடிந்ததும் எழுதிய ஐந்து வரிகளை எடுத்துப் பாருங்கள். ஒருமுறைகூடச் சோதனைக்கு வராத வரி இருந்தால் அது உங்கள் வாழ்க்கைக்குத் தொடர்பில்லாத வரி. நீக்கிவிட்டு உண்மையில் தடுமாறிய இடத்தை எழுதுங்கள். அடுத்ததை மழைக்கால நான்கு மாதத்துக்கு எடுக்கலாம். அந்தச் சாதுர்மாசத்துக்குள்ளேயே ஆண்டு மன்னிப்பு நாளும் வருகிறது: சுவேதாம்பரருக்குச் சம்வத்சரி, திகம்பரருக்குப் பத்துநாள் தசலட்சணப் பண்டிகையை அடுத்து வரும் க்ஷமாவணி. அன்று பொதுவாக எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புவதைவிட, இன்னும் திருத்தாமல் பாக்கி வைத்திருக்கும் ஆளை நேரில் பார்ப்பதற்கு அந்த நாளை ஒதுக்குங்கள்.